'தானாக இயங்கும்' டிரிம் டேப்: யாருக்கு லாபம்?

மோட்டார் படகின் பின்பலகையில், தண்ணீரைத் தொடும் இடத்தில், இடமும் வலமுமாக இரண்டு எஃகுத் தகடுகள் இருக்கும். பெயர் டிரிம் டேப். ஓட்டுபவரே பட்டனை அழுத்தி ஏற்றி இறக்கும் ரகத்தை வாங்குவதா, 'ஆட்டோமேட்டிக்' ரகத்தை வாங்குவதா என்று படகுக்காரர்களுக்குள் ஓயாத சண்டை. சுவிட்சும் வேண்டாம், வயரும் வேண்டாம், விலையும் குறைவு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

தகடு செய்யும் வேலை எளிது. அது கீழே இறங்கினால் ஓடும் தண்ணீர் மோதிப் படகின் பின்பக்கத்தைத் தூக்கும். அணியம், அதாவது முன்பக்கம், தாழும். புறப்படும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு, எதிரில் இருப்பது தெரியாமல், பெட்ரோலைக் குடித்தபடி முக்கி முனகும் கட்டம் சீக்கிரம் முடியும். இதில் இரண்டு ரகமும் பாஸ்.

கோளாறு அந்த 'ஆட்டோமேட்டிக்' என்ற சொல்லில்தான். ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. சென்சார் வைத்துப் படகின் சாய்வை அளந்து, மோட்டாரால் தகட்டை நகர்த்துவது ஒன்று. வேண்டாமென்றால் ஓட்டுபவர் அதைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். அதில் சண்டையே இல்லை (விலையைத் தவிர!). இன்னொன்று, நாட்டிகஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட் டேப் போன்றது. கார் டிக்கியைத் தாங்கும் கம்பி மாதிரி, வாயு அடைத்த ஒரு தண்டு தகட்டைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். வேகம் கூடினால் தண்ணீரின் அழுத்தம் தகட்டை மேலே தள்ளிவிடும். அவ்வளவுதான். இதற்கு ஆட்டோமேட்டிக் என்று பெயர் வைத்தவர் நல்ல வியாபாரி.

அந்தத் தண்டுக்குத் தெரிந்தது தண்ணீரின் அழுத்தம் ஒன்றுதான். கனமான ஆள் வலப்பக்கம் போய் உட்கார்ந்தாலோ, ஆழமான V வடிவ அடிப்பாகம் கொண்ட படகு பக்கக் காற்றில் ஒருபுறமாகச் சாய்ந்தாலோ, பட்டன் வைத்திருப்பவர் தாழ்ந்த பக்கத்துத் தகட்டை மட்டும் இறக்கிப் படகை நிமிர்த்துவார். தண்டு வைத்திருப்பவர் ஆளை இடம் மாறச் சொல்ல வேண்டும். காற்றை எங்கே மாறச் சொல்வது?

இதுகூடப் போகட்டும். புளோரிடாவின் ஜூபிடர் முகத்துவாரத்தில் நீரோட்டம் வெளியே பாயும் நேரத்தில் கிழக்குக் காற்றும் எதிர்த்து அடித்தால் அலைகள் செங்குத்தாக எழும். கடலிலிருந்து திரும்பும் படகுக்கு அந்த அலை பின்னாலிருந்து வரும். அப்போது தகடு முழுவதும் மேலே இருக்க வேண்டும் என்பது பாலபாடம். இறங்கியிருந்தால் அலை பின்பக்கத்தைத் தூக்க, அணியம் தண்ணீரில் குத்த, படகு குறுக்கே திரும்பிக் கவிழக்கூடும். ஆனால் அங்கே வேகத்தைக் குறைத்துத்தான் வர வேண்டியிருக்கும். வேகம் குறைந்தால் வாயுத் தண்டு என்ன செய்யும்? தகட்டைக் கீழே தள்ளும்! மேலே ஏற்றப் பட்டனும் கிடையாது.

பட்டன் ரகத்தில் செலவு அதிகம் என்பது உண்மை. ஹைட்ராலிக் பம்போ மின்மோட்டாரோ வேண்டும், 12 வோல்ட் வயரிங் வேண்டும், பின்பலகையில் துளை போட்டுக் கசியாமல் அடைக்க வேண்டும். ஆனாலும் கடலுக்குப் போகும் படகை இத்தனை விலை கொடுத்து வாங்கிவிட்டு இதில் மிச்சம் பிடிப்பது, யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற கதை. 14, 15 அடிப் படகில் ஏரியைச் சுற்றி வருபவருக்கு வாயுத் தண்டே போதும். அவர் இந்தச் செலவு செய்தால் அதுதான் வீண்.

"ஓட்டுபவர் தகட்டை இறக்கிவிட்டு மறந்துபோவாரே?" என்பது எதிர்க்கட்சியின் கடைசி அஸ்திரம். மறப்பார்தான். அதற்காகத்தான் தகடு எங்கே நிற்கிறது என்று காட்டும் விளக்குகளும், சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்ததும் தகட்டைத் தானே மேலே ஏற்றிவிடும் கண்ட்ரோலும் வந்து வருடக்கணக்காகிறது. மறந்தவர் அடுத்த நொடி நினைவு வந்து பட்டனை அழுத்தலாம். பட்டனே இல்லாதவர் நினைவு வந்து என்ன செய்வார்?