கண்டியை நடந்தறிதல்

கண்டிக்கு வரும் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கித் தலதா மாளிகையை வணங்கி, வாவிக்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு, பேராதனைப் பூந்தோட்டத்து மரநிழலில் கட்டுச்சோற்றை உண்டு, பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பிவிடுகின்றனர். அந்தப் பிரயாணத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதற்கான கட்டணமே பெருஞ்செலவு என்பதை நான் அறிவேன். ஆயினும், கால்நடையாகச் சென்று பார்த்தவர்க்கன்றி வேறெவர்க்கும் இந்நகரம் தன் சரித்திரத்தை முழுமையாகச் சொல்வதில்லை என்பதும், அச்சரித்திரத்தில் தமிழருக்குரிய அத்தியாயம் பிரதான வீதிகளின் பின்புறத்திலும், ஊருக்கு வெளியே ஒரு கற்பாறையின் மேலும், மாத்தளைக்குப் போகும் பாதையிலுமே கிடக்கின்றது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

மாளிகையை அடுத்துள்ள மகுல் மடுவ என்னும் அரசசபை மண்டபத்தில் நடையைத் தொடங்கலாம். மதுரையிலிருந்து பெண்கொண்ட உறவின் வழியாக 1739இல் கண்டிச் சிம்மாசனத்துக்கு வந்த நாயக்கர் மரபில் மூன்றாமவனான இராஜாதி ராஜசிங்கன் காலத்தில் கட்டத் தொடங்கப்பட்டு, சித்திர வேலைப்பாடமைந்த மரத்தூண்கள் தாங்கி நிற்கும் அந்த மண்டபத்திலேதான், 1815 மார்ச் 2ஆம் திகதி, ராஜ்யத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. அதிற் கையொப்பமிட்ட சிங்களப் பிரதானிகளிற் சிலர் தமிழெழுத்திலேயே தம் பெயரை எழுதினர். வாவியை 1807இல் அமைத்தவனும், மாளிகையின் முகப்பிலுள்ள எண்கோண மண்டபத்தை எழுப்பியவனுமான கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் உடன்படிக்கைக்குச் சில தினங்களுக்கு முன்பே பிடிபட்டிருந்தான். வேலூர்க் கோட்டையிற் சிறையிருந்து 1832இல் அங்கேயே மாண்டான். மண்டபத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால், அரசனின் உறவினர் குடியிருந்த மலபார் வீதியை அடையலாம். அவ்வீதியில் இன்று சாதாரண வீடுகளும் கடைகளுமே உள; நின்று பார்ப்பவர் எவருமில்லை.

அந்த உடன்படிக்கையில் ஒரு பிரிவு உண்டு. நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட மலபார், அதாவது தமிழ், ஆண்மக்கள் எவரும் அனுமதியின்றிக் கண்டி மாகாணங்களுக்குள் திரும்பி வரலாகாது என்பது அதன் சாரம். அவ்வாறு கையெழுத்திட்ட அதே ஆட்சியினர், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கம்பளையிலும் கன்னொறுவையிலும் காட்டை அழித்துக் கோப்பி பயிரிடத் தொடங்கி, அதற்கு ஆளின்றித் தவித்து, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தமிழரை ஆயிரக்கணக்கில் வரவழைக்கலாயினர். 1825இல் கன்னொறுவையில் தோட்டம் திறந்த எட்வர்ட் பார்ன்ஸ் அப்போது தேசாதிபதியாகவே இருந்தவர். அரசகுலத்துத் தமிழருக்குக் கதவு மூடியதையும் கூலிக்கு வந்த தமிழருக்கு அதே கதவு திறந்ததையும் சேர்த்து எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. மகுல் மடுவத்திலிருந்து கன்னொறுவை வரை ஒரே நாளில் நடந்தபோதுதான் அவை ஒன்றோடொன்று தொடர்புற்று எனக்குப் புலனாயின.

நகருக்குத் திரும்பி, நூதனசாலையின் பின்புறமாக மேலேறினால் ஆங்கிலேயரின் பழைய இடுகாடு உள்ளது. உடன்படிக்கையை உருவாக்குவதில் முக்கிய பங்காற்றி 1824இல் இறந்த ஜோன் டொயிலி அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் இளம் வயதிலேயே மடிந்த சிப்பாய்களும், தோட்டத் துரைமாரும், அவர்களுடைய குழந்தைகளும், யானையால் கொல்லப்பட்ட ஒருவரும், பெயரும் வயதும் செதுக்கிய கற்களின் கீழ்த் துயில்கின்றனர். புல் செதுக்கி, கல்லைத் துடைத்து அவ்விடத்தைப் பேணுவோரை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அந்நியராயினும் இறந்தவரை மதிப்பது நாகரிகம். ஆனால் அக்கற்கள் நடப்பட்ட அதே தசாப்தங்களில், மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கும் மேற்பட்ட வனாந்தரத்தைக் கங்காணியின் பின்னே நடந்து கடந்து, தம்புள்ளைக்கும் மாத்தளைக்குமிடையே பசியாலும் அதே வாந்திபேதியாலும் விழுந்த எம் மூதாதையர் எங்கே புதைந்தனர் என்பதைக் காட்ட ஒரு கல்லாவது உண்டா என்ற கேள்வியோடுதான் அவ்விடுகாட்டை விட்டு நான் இறங்குகிறேன்.

நகருக்கு வெளியே நடக்க மனமுடையவர்க்கு மேற்கே ஒரு பாதையைச் சொல்வேன். கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்கே ஆகிய மூன்று ஆலயங்களையும் வயல்வரப்புகளின் வழியே ஒரே பகலில் சுற்றிவரலாம். கம்பளை அரசன் நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரையைக் கட்டிய சிற்பியின் பெயர் கணேசுவராசாரி. தூணையும் விதானத்தையும் பார்த்த மாத்திரத்திலேயே நம்மூர்க் கோயிலொன்றிற்குள் வந்த உணர்ச்சி உண்டாகின்றது. புத்தர் சந்நிதியும் விஷ்ணு சந்நிதியும் அங்கே ஒரே கட்டடத்தில் அமைந்துள்ளன. அதே ஆண்டில் அமைந்த லங்காதிலகத்தின் பாறையிலோ, விகாரைக்கு வழங்கப்பட்ட மானியங்களைச் சொல்லும் சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் வெட்டப்பட்டிருக்கிறது. மலைநாட்டு அரசின் பௌத்த ஆலயமொன்றில், கோப்பிக்கு ஏறத்தாழ ஐந்நூறு வருஷங்களுக்கு முன்பே தமிழைப் படிக்கத் தெரிந்தவர் இருந்தனர், அவர்களுக்கும் அரசன் சொல்ல வேண்டியது இருந்தது என்பதற்கு இதைவிட உறுதியான சாட்சி வேறென்ன வேண்டும்? காலை வெயில் சாய்வாக விழும் வேளையில் அவ்வெழுத்துகளின் முன் நம் பிள்ளைகளை நிறுத்தி, ஆசிரியர் ஒருவர் ஓரெழுத்தையேனும் விரலால் காட்டுவாராயின், இந்த மலையில் தாம் நேற்று வந்தவர்கள் என்று எவரோ சொல்லக் கேட்டு அவர்கள் தலைகுனிந்தது நீங்கும் என்று நம்புகிறேன்.

நகருக்குள்ளேயும் இன்னொரு தமிழ்ச் சுவடு உண்டு. தமிழில் தோன்றிய ஆதி நாவல்களுள் ஒன்றான அசன்பே சரித்திரத்தை 1885இல் வெளியிட்ட சித்திலெப்பை கண்டியிற் பிறந்தவர் என்பதையும் இந்நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகளிற் பலர் அறியார். இலக்கிய பாடம் நடத்துவோர் ஒரு மாலையை அவருக்கென ஒதுக்கி வீதியில் இறங்கலாம்.

2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிற் புறப்பட்டோர் ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை நடந்தே வந்தடைந்தனர். எந்த நூலும் செய்யாத காரியத்தை அந்நடை செய்தது: முன்னோர் பட்ட பாட்டைப் பாதத்தால் உணர்த்திற்று. அது ஒருமுறை நிகழ்ந்து நின்றுவிடலாகாது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலிலிருந்து அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டி வரையுள்ள பதினாறு மைலை மலையகப் பாடசாலைகள் ஒவ்வோராண்டும் ஓகஸ்ட் விடுமுறையில், அக்குறணையில் ஓரிரவு தங்கி, இரண்டு நாளில் நடக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். பஸ் கட்டணம் இல்லாத பிரயாணமாதலால் வறிய பிள்ளையும் அதில் ஒதுங்கி நிற்க நேராது. அப்பாதையின் ஓரத்தில், பெயர் தெரியாது இறந்தவர்களுக்கென மும்மொழியிலும் எழுதிய கற்களை நடுவதற்குரிய இடங்களை மாத்தளை மாநகரசபையும் கண்டி மாநகரசபையும் இவ்வாண்டிலேயே குறித்துக் கொடுத்தல் வேண்டும்.