சிறு சொல், பெரும் பொருள்



மழைக்கால மாலை ஒன்றில் நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு அறைவீட்டுக்கு வந்தார். தாயின் கண்கள் கலங்கியிருந்தன. மகன் தலைகவிழ்ந்து நின்றார்.

"சாமி, தேர்வே இல்லை என்று இவன் வீட்டில் இருந்துவிட்டான். அடுத்த தெருப் பையன் நேற்றுப் போய் எழுதிவிட்டு வந்திருக்கிறான்" என்றார் தாய்.

நடந்தது இதுதான். வேலைக்கான தேர்வுக்கு முந்திய நாள், நேரத்தை உறுதி செய்துகொள்ள மகன் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். மறுமுனையில் ஒருவர் ஆங்கிலத்தில் விரைவாக ஏதோ சொன்னார். அதில் இவர் காதில் விழுந்தது 'புட் ஆஃப்' என்ற இரு சொற்களே. மறுபடி கேட்க வெட்கம், தொலைபேசியை வைத்துவிட்டார்.

"லைட்டைப் புட் ஆஃப் பண்ணு என்றால் அணைத்துவிடு என்றுதானே பொருள், சாமி? தேர்வையும் அப்படியே நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன்" என்றார்.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கைக் குறித்து அவ்வாறு சொல்வது நம் நாட்டு வழக்கு. இங்கிலாந்தில் பெரும்பாலும் 'டர்ன் ஆஃப்', 'ஸ்விட்ச் ஆஃப்' என்பார்கள். தேர்வைக் குறித்து வரும்போது 'புட் ஆஃப்' என்பதற்குத் தள்ளிவைத்தல் என்பதே பொருள். அடியோடு கைவிடுதலுக்குக் 'கால் ஆஃப்' என்ற வேறு தொடர் உண்டு. இரண்டிலும் வால் ஒன்றே. தலை மாறியதும் பொருள் மாறிவிட்டது.

இத்தொடர்கள் அயலாருக்குப் பெருந்தொல்லை தருபவை என்பதை ஆங்கிலேயரே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 1755ஆம் ஆண்டு தம் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே இதைக் குறிப்பிட்டுச் சில எடுத்துக்காட்டுகளையும் தந்தார். அவற்றுள் ஒன்று 'ஃபால் ஆஃப்'. நேர்ப்பொருள் கீழே விழுதல். அவர் காட்டிய பொருளோ விசுவாசத்தை விட்டு விலகுதல்!

குருமடத்தில் இலத்தீன் பயின்ற நமக்கு இதில் ஒரு நுட்பம் புலப்படுகிறது. இலத்தீனில் இச்சிறு சொல் வினைக்கு முன்னே ஒட்டிக்கொள்ளும். 'போஸ்ட்' என்றால் பின்; 'பொனேரே' என்றால் வைத்தல். இரண்டும் சேர்ந்தே ஆங்கிலத்தில் 'போஸ்ட்போன்' ஆயிற்று. அதே கருத்தைத் தம் சொந்தச் சொற்களால் சொல்லும்போது, ஆங்கிலேயர் சிறு சொல்லை வினைக்குப் பின்னே நிறுத்திப் 'புட் ஆஃப்' என்கிறார்கள். நம் பிள்ளைகள் பாடநூலில் 'போஸ்ட்போன்' என்பதைப் படித்திருப்பார்கள். உலகமோ அவர்களிடம் 'புட் ஆஃப்' என்று பேசுகிறது.

பின்னே நிற்கும் சிறு சொல் எல்லா இடத்திலும் ஒரே தொழில் செய்வதில்லை. 'ஷி ரேன் அப் எ ஹில்' என்றால் அவள் குன்றின்மேல் ஓடினாள். இங்கு 'அப்' குன்றோடு சேர்ந்த முன்னிடைச்சொல். 'ஷி ரேன் அப் எ பில்' என்றால் அவள் கடன் கணக்கை ஏற்றிவிட்டாள். இங்கு 'அப்' வினையோடு சேர்ந்த வினையடை.

இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. பெயருக்குப் பதிலாக 'இட்', 'ஹிம்' போன்ற சுட்டுச்சொல்லை இட்டுப் பாருங்கள். விளக்கை அணை என்பதற்குப் 'புட் அவுட் த லேம்ப்' என்றும் சொல்லலாம். 'புட் த லேம்ப் அவுட்' என்றும் சொல்லலாம். ஆனால் 'இட்' வந்தால் 'புட் இட் அவுட்' என்பதே சரி. 'புட் அவுட் இட்' பிழை. இங்கு 'அவுட்' வினையடை. 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்பது அவனைக் கவனித்துக்கொள் எனப் பொருள்படும். 'லுக் ஹிம் ஆஃப்டர்' என்று ஒருவரும் சொல்லார். இங்கு 'ஆஃப்டர்' முன்னிடைச்சொல். மூன்றும் கைகோத்து வருவதும் உண்டு. 'புட் அப் வித்' என்பதில் வினை, வினையடை, முன்னிடைச்சொல் மூன்றும் சேர்ந்து, பொறுத்துக்கொள் என்ற ஒரே பொருளைத் தருகின்றன.

இதைக் கண்டு மலைக்க வேண்டாம். 'பார்த்தான்', 'பார்த்துவிட்டான்', 'பார்த்துக்கொண்டான்' என்று நாமும் 'விடு', 'கொள்' என்னும் சிறு வினைகளைச் சேர்த்துப் பொருளை மாற்றுகிறோம். அவற்றைக் கற்க வெள்ளைக்காரர் படும் பாட்டை நாம் அறிவோம். வேறுபாடு வரிசையில்தான் உள்ளது. 'சந்தையிலிருந்து திரும்பி வா' என்பதை ஆங்கிலத்தில் 'கம் பேக் ஃப்ரம் த மார்க்கெட்' என்பார்கள். நம் கடைசிச் சொல் அவர்களுக்கு முதற்சொல். நம் முதற்சொல் அவர்களுக்குக் கடைசி. கண்ணாடியில் காணும் உருவம்போல் வலம் இடமாகிறது. எனவே ஆங்கிலத்தில் வினை காதில் விழுந்ததும் கேட்பதை நிறுத்திவிடலாகாது. பொருளை முடித்துவைக்கும் சொல் பின்னால் வந்துகொண்டிருக்கும்.

பெற்றோருக்கு நாம் கூறுவது இரண்டு. முதலாவது, பிள்ளைகள் 'புட்' என்றால் வை, 'ஆஃப்' என்றால் அப்பால் என்று தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல், தொடர் முழுவதையும் ஒரு சொல்லாகக் கருதி, ஒரு வாக்கியத்தோடு குறிப்பேட்டில் எழுதிவைக்கட்டும். நாளொன்றுக்கு ஒன்று போதும்.

இரண்டாவது அதனினும் பெரிது. அவ்விளைஞர் தேர்வை இழந்தது ஆங்கிலம் அறியாமையால் மட்டுமன்று. மறுபடி கேட்க நாணியதாலுமே. 'புட் ஆஃப்' என்னும் வினைக்குப் பின் 'டில் ஃப்ரைடே' என்பதுபோல் ஒரு முன்னிடைத் தொடர் வந்திருக்க வேண்டும். அது காதில் விழாதபோது 'டில் வென்?', அதாவது 'எதுவரை?' என்று இரண்டே சொற்களில் கேட்டிருந்தால், அவரும் அந்த வாரமே தேர்வு எழுதியிருப்பார். அந்த வேலை அவருக்குக் கிட்டவில்லை.

வீட்டில் பிள்ளை ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கும்போது, "இதுகூடவா தெரியாது?" என்று நகைக்காதிருப்போம். வீட்டில் அஞ்சாமல் கேட்டுப் பழகிய பிள்ளை வெளியிலும் அஞ்சாமல் கேட்கும்.