பங்களா ரேடியோவுக்கு இவ்வளவு விலை எதற்கு?

வால்வு ரேடியோ வாங்க ஆசைப்படுகிறவருக்குப் பொகவந்தலாவைப் பக்கம் கிடைக்கும் புத்திமதி அநேகமாக ஒன்றுதான்: "துரை பங்களாவில் இருந்த செட்டாகப் பார்த்து வாங்கு. வால்வு கூடினால் சிற்றலை நன்றாக எடுக்கும். மலிவுச் செட் எல்லாம் குப்பை." நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இதை நம்பிக் காசு கொடுப்பவர் மரப்பெட்டியின் பளபளப்புக்கும் பெயருக்கும்தான் கொடுக்கிறார்.

சிற்றலையே செத்துவிட்டது, பெட்டி எதற்கு என்பாரும் உண்டு. அது பாதி உண்மை. ஏக்கலயிலிருந்து இலங்கை வானொலி தென்னிந்தியா முழுக்க ஒலித்த காலம் போய்விட்டது. பிபிசி தமிழோசையும் 2017 ஏப்ரலோடு சிற்றலையை விட்டுவிட்டது. ஆனால் பிபிசியின் ஆங்கில உலக சேவையும் சீன வானொலியும் இன்னும் அங்கே இருக்கின்றன. மலை மறித்து எஃப்எம் இரைகிற பள்ளத்துத் தோட்டத்திலும், வானத்தில் பட்டுத் திரும்பி இறங்கும் அலை வந்து சேரும்.

பங்களா செட்டுக்கு வருவோம். பல ஆண்டுகள் ஸ்டோர் அறையில், இந்த ஊர் ஈரத்தில் கிடந்த பெட்டிக்குத் துரையுடையது, கிளாக்கர் ஐயாவுடையது என்ற பேதமெல்லாம் கிடையாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் மயிரிழைக் கம்பி பச்சை பூத்து அறுந்திருக்கும். ஸ்பீக்கர் காகிதத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கும். நிலையம் சரியாகச் சிக்கியதைக் காட்டும் பச்சைக் கண் முகப்பில் மினுங்கினால் விலை ஏறுகிறது. அந்தக் கண் மங்கினால் மாற்று வாங்கும் செலவு தனி; அது இல்லாமலே ரேடியோ பாடும்.

வால்வு எண்ணிக்கையும் அப்படித்தான். உலகப் போர்க்காலத்து ஏஆர்-88 பெட்டியில் 14 வால்வுகள், எடை சுமார் 45 கிலோ. கேட்கத் தேனாக இருக்கும். லயத்து இஸ்தோப்பு மேசை தாங்காது. வீட்டுக்கு ஐந்து வால்வு போதும். கவனிக்க வேண்டியது டயலைத்தான். 16 மீட்டரிலிருந்து 50 மீட்டர் வரை ஒரே பட்டையில் அடைத்திருந்தால், முள்ளை நூலளவு நகர்த்தினாலே நாலைந்து நிலையங்கள் தாண்டிப் போய்விடும். 19, 25, 31, 49 மீட்டர் என்று தனித்தனியாக விரித்துக் கொடுத்த செட், விலை குறைவானதாக இருந்தாலும், கைக்கு அடங்கும்.

இனி முக்கியமான விஷயம். "கடையிலேயே பிளக்கில் செருகிப் பார்த்து வாங்கு" என்கிறார்களே, அதைப்போல ஆபத்தான யோசனை வேறில்லை.

பழைய செட்டில் பெரும்பாலும் கெட்டுப்போவது வால்வு அல்ல, மெழுகுக் காகிதக் கண்டென்சர். அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் அந்தச் சின்னக் கண்டென்சர் கசிந்தால், வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்துச் சிவக்கும். பிறகு டிரான்ஸ்ஃபார்மர் கருகும். செருகிய முதல் பத்து நிமிடம் இனிமையாகப் பாடிவிட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்த இரவில் புகைவது இதனால்தான். முதலில் அந்தக் கண்டென்சர்களை மாற்ற வேண்டும். பிறகு 60 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராக இணைத்துக் கரண்ட் கொடுக்க வேண்டும். எல்ஈடி இதற்கு உதவாது. பல்ப் முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட்.

ஷாக்குக்கு அந்தப் பல்ப் பாதுகாப்பு அல்ல. அதற்கு வால்வின் மேல் அச்சிட்ட முதல் எழுத்தைப் பாருங்கள். ஐரோப்பிய வால்வில் 'யூ' என்று தொடங்கினால் (யூசிஎச்42, யூஎல்41) அநேகமாக அது மின் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட். ஐந்து வால்வின் இழைகளையும் வரிசையாகக் கோத்தால் சுமார் 117 வோல்ட். நம் 230 வோல்ட்டில் மீதியை ஒரு தடுப்பான் சூடாகவே தின்று தீர்க்கும். அதைவிட மோசம், சேசிஸ் நேரே மெயினோடு இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் குமிழ் கழன்ற திருகாணியில் உயிர் போகும். 1946இல் வந்த ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்-38 புகழ்பெற்ற பெயர்தான்; அதுவும் இந்த ஜாதி. 'ஈ' என்று தொடங்கும் வால்வுகள் (ஈசிஎச்81, ஈஎல்84) இருந்தால் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் செட். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். பிளக் முனைக்கும் சேசிஸுக்கும் இடையே மீட்டர் தொடர்பு காட்டினால் வைத்துவிட்டு வாருங்கள்.

வால்வு கிடைக்காதாம். ஈஎல்84 இன்றும் புதிதாகத் தயாராகிறது, கிட்டார் ஆம்ப்ளிஃபயர்க்காரர்கள் புண்ணியத்தில். மற்றவை பழைய இருப்பில் கிடைக்கின்றன. மின்கட்டணமா? 50 வாட் செட், தினம் இரண்டு மணி நேரம், மாதம் மூன்று யூனிட்.

யாரும் சீண்டாத பற்றரிச் செட்டுக்காக ஒரு வார்த்தை. லயங்களுக்குக் கரண்ட் வராத காலத்தவை. டிகே96, டிஎல்96 வகை வால்வுகள். 90 வோல்ட் பற்றரி இன்று கடையில் இல்லை என்று ஒதுக்குகிறார்கள். ஒன்பது வோல்ட் பற்றரி பத்தைத் தொடராகக் கோத்தால் அதே 90 வோல்ட். இழைக்கு ஒரு டோர்ச் பற்றரி போதும். இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். நான்கு வால்வும் ஒரே நொடியில் போய்விடும். மெயின் இல்லாததால் சார்ஜர், எல்ஈடி இரைச்சல் வயர் வழியாக ஏறாது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போதும் பாடியிருக்கும்.

எந்தச் செட் ஆனாலும் வெளியே பத்து மீட்டர் வயர் கட்டுங்கள். ஏப்ரல், ஒக்டோபர் இடிக்காலத்தில் அதைக் கழற்றி வையுங்கள். வாங்கப் போகும்போது பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்க மறுக்கிறவரிடம், பங்களாவில் இருந்ததென்று அவர் சத்தியமே செய்தாலும், வாங்காதீர்கள்.