எடை குறைந்தால் விலை ஏறியதாகத்தான் அர்த்தம்

"எடையை பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறோம். படித்துப் பார்த்து வாங்கட்டும். இதில் ஏமாற்று எங்கே வந்தது?" பிஸ்கட்டும் சோப்பும் இளைத்துப்போனதைப் பற்றிப் பேச்செடுத்தாலே இந்தப் பதில் வந்துவிடுகிறது. நிறுவனங்கள் மட்டுமல்ல, விவரம் தெரிந்த நண்பர்களும் இதையே சொல்கிறார்கள். ஐந்து ரூபாய் விலையை ஏழைகளுக்காகத்தான் கட்டிக்காக்கிறார்கள் என்பது கூடவே வரும் இன்னொரு வாதம். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

எடை அச்சிடப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் அது இன்றைய எடை மட்டுமே. போன மாதம் எவ்வளவு இருந்தது என்பதைச் சொல்ல பாக்கெட்டில் ஓர் எழுத்துகூட இல்லை. 2022-ல் வந்த செய்திகளை நினைவுபடுத்திக்கொள்ளலாம். ஐந்து ரூபாய் பார்லே-ஜி 64 கிராமிலிருந்து 55 ஆனது. பத்து ரூபாய் விம் கட்டி 155 கிராமிலிருந்து 135 ஆனது. ஹல்திராம் ஆலு புஜியா பத்து ரூபாய்க்கு 55 கிராம் வந்த இடத்தில் 42 கிராம் வந்தது. வருஷக்கணக்கில் ஒரே பொருளை வாங்குகிறவர் உறையின் நிறத்தைப் பார்த்துக் கை நீட்டுகிறார். கடைக்காரரும் அப்படியே எடுத்துக் கொடுக்கிறார். பழைய எண் தெரியாதவருக்குப் புதிய எண் எதையும் சொல்லாது.

ஏழைகளுக்காக என்ற வாதத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஐந்து ரூபாய்க்கு 64 கிராம் என்றால் பிஸ்கட் கிலோ 78 ரூபாய். 55 கிராம் என்றால் 91 ரூபாய். பதினாறு சதவீத விலையேற்றம் இது. அந்த ஆலு புஜியாவில் ஏற்றம் 31 சதவீதம். இவ்வளவையும் சுமப்பவர் யார்? குடும்பப் பாக்கெட் வாங்க மொத்தமாகப் பணம் இல்லாமல், டீக்கடையில் ஐந்து ரூபாய் பாக்கெட்டைப் பிரித்துக் காலைப் பசியை ஆற்றிக்கொள்ளும் கூலித் தொழிலாளி. விலை மாறாததால் அவருடைய கைக்காசு மிஞ்சவில்லை, வயிற்றுக்குப் போவதுதான் குறைந்தது. விலையை ஆறு ரூபாய் ஆக்கியிருந்தால் அவர் கேள்வி கேட்டிருப்பார், வேறு பிஸ்கட்டுக்கு மாறியிருப்பார். அந்த வாய்ப்புதான் பறிபோகிறது.

மூலப்பொருள் விலை ஏறியதை நான் மறுக்கவில்லை. உக்ரைன் போரும், இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குப் போட்ட தடையும் 2022-ல் எண்ணெய் விலையை எங்கேயோ கொண்டுபோயின. செலவு கூடினால் விலையைக் கூட்டுவது நியாயம். அதை மறைப்பதுதான் நியாயமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சோப்பு, ஷாம்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனபோது, சின்ன பாக்கெட்டுகளில் எடையைக் கூட்டித் தருவோம் என்று நிறுவனங்கள் வெளிப்படையாகவே சொன்னன. கூடுதல் எடை என்றால் பாக்கெட்டின் நெற்றியிலேயே பெரிய எழுத்தில் போடத் தெரிகிறது. குறைத்ததையும் அதே இடத்தில், அதே எழுத்தில் போட என்ன தடை?

சமையல் எண்ணெய் கதை இதைவிட மோசம். 2011-ன் பொட்டலப் பொருள் விதிகளில் இரண்டாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. எண்ணெய், டீத்தூள் உள்ளிட்ட பல பொருட்களை இன்னின்ன அளவுகளில்தான் அடைக்கலாம் என்றது அது. ஓட்டைகள் இருந்தாலும் ஒரு வேலியாக இருந்தது. 2021 நவம்பரில் வந்த திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கியது. இப்போது ஒரு லிட்டர் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே, கிட்டத்தட்ட அதே பருமனில் 850 மில்லி பாக்கெட் தொங்குகிறது. வெப்பநிலையை வைத்தும் விளையாடினார்கள். எண்ணெய் சூடேறினால் விரியும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் சுமார் 919 கிராம். 60 டிகிரியில் சுமார் 892 கிராம். சிலர் 60 டிகிரி என்று அச்சிட்டுக்கொண்டு எடையைக் குறைத்தார்கள். யார் வீட்டு அலமாரியில் 60 டிகிரி இருக்கிறது? 2022-ல் நுகர்வோர் விவகாரத் துறை தலையிட்டு, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவை அச்சிடும்படி சொல்ல வேண்டியிருந்தது. அச்சிட்ட எண்ணை நம்பு என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

அளவு குறையாமலும் இந்த மறைமுக விலையேற்றம் நடக்கும். 2023 இறுதியில் ஆவின், 4.5 சதவீதக் கொழுப்புள்ள பச்சை பாக்கெட்டின் இடத்தில் 3.5 சதவீதக் கொழுப்புள்ள ஊதா நிற டிலைட்டை முன்னிறுத்தியது. அரை லிட்டர் அதே 22 ரூபாய்தான். அரசு சார்ந்த கூட்டுறவு நிறுவனமே இப்படிச் செய்தால் தனியாரை யார் கேட்பது?

"அதுதான் ஒரு கிராம் விலையையும் அச்சிடச் சொல்லியாயிற்றே" என்பது கடைசி வாதம். அட்டவணையை நீக்கிய அதே திருத்தத்தில் வந்த ஏற்பாடு இது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் ஒரு கிராமின் விலையை இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கிப் போட வேண்டும். மேலே சொன்ன பிஸ்கட்டுக்கு அதைப் பொருத்திப் பாருங்கள். 64 கிராம் பாக்கெட்டில் 0.08 ரூபாய், 55 கிராம் பாக்கெட்டில் 0.09 ரூபாய். பதினாறு சதவீத ஏற்றம் ஒரு பைசாவாகச் சுருங்கிவிடுகிறது, அதுவும் பொடி எழுத்தில். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினாலும் உண்மை கிடைக்காது.

பிரான்சில் 2024 ஜூலை 1 முதல், விலை குறையாமல் எடை மட்டும் குறைந்த பொருளின் அருகில் பெரிய கடைகள் இரண்டு மாதம் அறிவிப்பு வைக்க வேண்டும். தென்கொரியாவில் அதே ஆண்டு ஆகஸ்ட் முதல், தயாரிப்பாளரே மூன்று மாதம் அறிவிக்க வேண்டும். நம் விதிகளிலும் இதைச் சேர்க்க ஒரு திருத்தம் போதும்: எடை குறைந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குப் பழைய எடையும் புதிய எடையும் பாக்கெட்டின் முகப்பில், விலைக்குப் பக்கத்தில், விலையின் அளவு எழுத்தில். ஒப்பீட்டு விலை எல்லாப் பாக்கெட்டிலும் கிலோவுக்கு, லிட்டருக்கு. 78 ரூபாய் 91 ஆனது அப்போது யார் கண்ணிலும் படும்.