வோல்டேஜில் கை வைக்கும் முன்...

ஓவர்கிளாக் பண்ண ஆசைப்படும் பையன் முதல் வேலையாக என்ன செய்கிறான்? வீடியோவில் யாரோ 1.35 வோல்ட் வைத்தார் என்று தானும் பயாஸில் நுழைந்து 1.35 வைக்கிறான். அந்த யாரோ உட்கார்ந்திருப்பது ஏசி ரூமில். இவன் இருப்பது மங்கலம்பேட்டையில், சித்திரை வெயிலில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில்!

ஹீட்சிங்க் எவ்வளவு உசத்தியானாலும் அறையின் சூட்டுக்குக் கீழே இறக்காது. 22 டிகிரி அறையில் 72ல் நிற்கும் பிராசசர், அதே வேலைக்கு 38 டிகிரி அறையில் ஏறக்குறைய 88க்குப் போகும். இதில் வோல்டேஜ் வேறு. வேகம் கூடினால் சூடு அதே அளவில் கூடும். வோல்டேஜ் கூடினால் வர்க்கத்தில் கூடும். இரண்டையும் 10 சதவீதம் ஏற்றினால் 1.1 × 1.1 × 1.1, அதாவது 33 சதவீதம் அதிக சூடு. கந்து வட்டியே தேவலை :-)

1998ல் கதை வேறு. 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் 300ஏ, பஸ் வேகத்தை 66லிருந்து 100க்கு மாற்றினால் 450ல் ஓடியது. இன்று டர்போ என்ற பெயரில் கம்பெனியே பிழிந்துதான் அனுப்புகிறது. மிச்சம் கொஞ்சம்தான். இன்டெல்லில் பெரும்பாலும் 'கே' போட்ட சிப்புகளுக்குத்தான் பூட்டு திறந்திருக்கும். ரைசனில் திறந்திருந்தாலும் ஏ320 போர்டில் வேலைக்கு ஆகாது. இது தெரியாமல் வாங்கிவிட்டுப் புலம்புகிறவர்கள்தான் அதிகம்.

ஆரம்பிக்க வேண்டிய இடம் ரேம். 3200 என்று காசு வாங்கிக்கொண்டு விற்ற டிடிஆர்4 ரேம், பல வீடுகளில் 2133லோ 2400லோ ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம், கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தவர் பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்யவே இல்லை. கொடுத்த காசுக்கான வேகத்தை வாங்காமல் வோல்டேஜை ஏற்றுவது என்ன புத்திசாலித்தனம்? டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பார்த்தாலே குட்டு வெளிப்படும். (போர்டும் இடம் கொடுக்க வேண்டும். இன்டெல்லின் பி460ல் வழியில்லை. 2021ல் பி560 வந்தபின்தான் திறந்துவிட்டார்கள்.)

ஆனால் எக்ஸ்எம்பியும் ஓவர்கிளாக்தான். பிராசசர் தாங்காவிட்டால் பெரும்பாலும் நீலத்திரை காட்டிக் கத்தும். ரேம் சத்தமில்லாமல் கெடுக்கும். அப்பாவின் கடைக்கணக்கு டேலியில் இருக்கும் வீட்டில் ஒரு பிட் புரண்டால், மார்ச் மாதம் கணக்கு முடிக்கும்போதுதான் தெரியும். சினிபெஞ்ச் மார்க்கைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் மெம்டெஸ்ட்86 ஓட்டினார்களா என்று கேளுங்கள், பதில் வராது. ராத்திரி முழுக்க ஓட வேண்டும். (பக்கத்து நெய்வேலியில் மின்சாரம் தயாராகியும் நடுவில் கரண்ட் போனால், மறுபடி முதலிலிருந்து!) ஒரே ஒரு எரர் வந்தாலும் வேகத்தை ஒரு படி இறக்க வேண்டும். அதற்கு முன்பே டேலி ஃபோல்டரைப் பென்டிரைவில் காப்பி எடுத்தாக வேண்டும்.

திரையே வராவிட்டால் பதறி கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, போர்டில் உள்ள வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் கழித்துப் போட்டால் பெரும்பாலும் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும்.