காடும் அதன் சொந்தக்காரரும்

தேயிலை என்றதும் எம் மனக்கண்ணில் தோன்றுவது மலையகம்தான். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரயில் 19 ஏக்கரில் தொடங்கியது முதல், நிரையாக நட்டு இடுப்பளவில் கவ்வாத்து வெட்டிய செடியையே நாம் அறிவோம். வெட்டாமல் விட்டால் அது மரமாகும் என்பது தோட்டத்தில் உழைத்தவர்களுக்குத் தெரியும்.

சீனாவின் யுனான் மாகாணத்தில், மியன்மார் எல்லைக்கு அண்மையில், ஜிங்மாய் என்றொரு மலை உண்டு. அங்கே பிளாங், டாய் ஆகிய மலைவாழ் மக்கள் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாகத் தேயிலையைக் காட்டுக்குள்ளேயே வளர்க்கின்றனர். பெருமரங்களை நிழலுக்கு நிறுத்தி, அவற்றின் கீழே தேயிலையை நட்டார்கள். உதிரும் இலையே பசளை. பூச்சிகளைச் சிலந்தியும் பறவையும் பார்த்துக்கொள்கின்றன. தேயிலைக் காடுகளுக்கு இடையில் வெட்டாத காட்டை வேலிபோல விட்டிருக்கிறார்கள். நோயும் கடுங்காற்றும் அதைத் தாண்டி வருவது கடினம். பிளாங் மக்களின் மூதாதை ஒருவர், மாடும் குதிரையும் நோயில் மடியும், பொன்னும் வெள்ளியும் செலவாகிவிடும் என்றெண்ணி, பிள்ளைகளுக்குத் தேயிலை மரங்களை விட்டுச்சென்றாராம். விவசாயி ஒருவர்தான் இப்படி யோசிப்பார்.

இதைச் சந்தையில் 'காட்டுத் தேயிலை' என்று விற்கிறார்கள். தானாக முளைத்தது என்று பொருள்பட்டால் அந்தப் பெயரை நாம் ஏற்கமாட்டோம். நட்டவர்களும் காத்தவர்களும் இருக்கிறார்கள். யுனான் தேயிலைக்கு விலை எகிறி 2007இல் சரிந்த காலத்தில், அம்மாகாணத்தின் பழைய மரங்கள் பல அளவுக்கு மீறிப் பறிக்கப்பட்டுத் தளர்ந்தன. எவ்வளவு பறிப்பது, எதை வெட்டக்கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாடு இருக்கும் இடத்தில்தான் மரம் பிழைக்கிறது. 2023இல் யுனெஸ்கோ ஜிங்மாயை உலக மரபுரிமையாக ஏற்றபோது, ஐந்து தேயிலைக் காடுகளோடு ஒன்பது ஊர்களையும் சேர்த்தே ஏற்றது. காட்டைக் காக்க எவரையும் வெளியேறச் சொல்லவில்லை.

எம் வாசகர்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. யுத்தத்தில் இடம்பெயர்ந்து, ஆண்டுகள் கழித்து வன்னிக்குத் திரும்பிய குடும்பங்கள் பல, தம் மேட்டுக்காணியில் பற்றை மண்டியிருப்பதையும், அதையே காடு என்று கணக்கிட்டு எல்லைக்கல் போட்டிருப்பதையும் கண்டன. பற்றைக்குள் நிற்கும் புளியையும் மாவையும் வைத்தது யார்? தூர்ந்துகிடக்கும் கிணற்றை வெட்டியது யார்? காடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை; மழை குறைந்த எமது மண்ணுக்குக் காடு கட்டாயம் வேண்டும். ஆனால் எல்லை குறிப்பவர்கள் வரைபடத்தை மட்டும் பாராது, ஊரின் முதியவர்களோடு அந்தப் பற்றைக்குள் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். உறுதி தொலைந்திருந்தால், அந்தக் கிணறும் புளியும் சாட்சியாக எழுதப்படட்டும்.