நிஜப் போரைப் பார்த்தவருக்கு பொம்மைப் போர் எதற்கு?

ரிட்டயர்டான ராணுவ அதிகாரி ஒருவர் மேஜை மீது பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டி விளையாடுவாரா? இங்கிலாந்தின் பிரிகேடியர் பீட்டர் யங் விளையாடினார்!

இரண்டாம் உலகப்போரில் கமாண்டோவாக இருந்தவர் அவர். 1942 ஆகஸ்டில் பிரான்ஸின் தியப் துறைமுகத்தைத் தாக்கக் கிளம்பியபோது, நடுக்கடலில் ஜெர்மன் கப்பல்கள் குறுக்கிட, படகுகள் சிதறின. யங் இறங்கவேண்டிய கரைக்கு வந்து சேர்ந்தது அவருடைய படகு மட்டுமே. மொத்தம் சுமார் 20 பேர். பீரங்கித் தளத்தைப் பிடிக்க முடியாது எனத் தெரிந்தும், மறைவிலிருந்து சுட்டுச் சுட்டே பீரங்கிக்காரர்களைத் திணறடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஓய்வுக்குப் பிறகு சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவ அகாடமியில் போர் வரலாறு கற்பித்தார் யங். 1967-ல் சக ராணுவ அதிகாரி ஜேம்ஸ் லாஃபோர்டுடன் சேர்ந்து, போர் விளையாட்டுக்கான ‘சார்ஜ்!’ புத்தகத்தை எழுதினார். அடுத்த ஆண்டே, 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்து உள்நாட்டுப் போரை நடித்துக்காட்டும் ‘சீல்டு நாட்’ அமைப்பைத் தொடங்கினார்.

எவ்வளவு பக்காவாகத் திட்டம் போட்டாலும், பகடையில் ஒரு சின்ன எண் விழுந்தால் எல்லாம் தலைகீழ். தியப் கடலில் நடந்ததும் அதுதான். ஒரே வித்தியாசம்... மேஜையில் விழுந்த சிப்பாயை மறுபடியும் எடுத்து நிறுத்திவிடலாம்!